பழைய கேசட் பெட்டியைத் திறக்கும் முன்

கேசட் முப்பது வருஷம் பெட்டிக்குள் சும்மா கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதையே கேசட் ஓட்டும் பழுதான டெக்கில் போட்டு ஒரு நிமிஷம் ஓட்டினால் போதும், கதை முடிந்தது. இதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. சின்ன வயதில் வாங்கிய கேசட்டுகள், அப்பாவின் இசைத்தட்டுகள், அவற்றை ஓட்டிய டெக், டர்ன்டேபிள், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மறுபடி பாட வைக்கக் கிளம்பி, ஒரு வருஷத்துக்கு மேல் வார இறுதிகளைத் தொலைத்தேன். போன பணத்துக்குப் புதிதாக ஒரு நல்ல ஆடியோ செட்டே வந்திருக்கும். அதே ஆசையோடு யாராவது பெட்டியை இறக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த மோனோ டேப் ரெக்கார்டர். ப்ளே பொத்தானை அழுத்த விரலில் பலம் வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் ‘டக்’ என்று அதுவாகவே மேலே எழும்பும். சேர்த்து வைத்த காசில் நான் முதன்முதலாக வாங்கிய கேசட்டை அதில்தான் கேட்டேன். உள்ளே மடித்து வைத்திருந்த அட்டையில் பாட்டுப் பட்டியல், வாசித்தவர்கள் பெயர், பொடி எழுத்தில் கம்பெனி விலாசம் வரை மனப்பாடம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில நொடி இடைவெளி இருக்குமே, அதிலேயே அடுத்த பாட்டு மனசுக்குள் ஓடத் தொடங்கிவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை வேறெங்காவது கேட்டால், முடிந்ததும் அந்தக் கேசட்டில் அதற்குப் பின்னால் வந்த பாட்டைத்தான் காது எதிர்பார்க்கிறது. அப்புறம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் வந்தது. சில வருஷம் கழித்து மாமா தன்னுடைய கேசட் டெக், ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் மூன்றையும் எங்களுக்குத் தந்தார். ஸ்டீரியோ என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 1982-இல் உலகத்துக்கு அறிமுகமான சி.டி. எங்கள் வீட்டுக்கு வந்துசேர ரொம்பக் காலம் பிடித்தது. வந்த பிறகு மற்றதெல்லாம் பரணுக்குப் போய்விட்டது.

பரணிலிருந்து இறக்கியதும் யாருக்குமே கை துறுதுறுக்கும்: ப்ளக்கைச் செருகி ஓடவிட்டுப் பார்க்கலாமே என்று. இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பல வருஷம் மின்சாரம் பார்க்காத ஆம்ப்ளிஃபயரில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் பலவீனப்பட்டிருக்கும். நேராக மெயினில் போட்டால் ஒன்று வெடிக்கலாம், அல்லது கூடவே வேறு பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகலாம். பழைய மெக்கானிக்குகள் சீரிஸ் பல்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள். பழைய குண்டு பல்பு வழியாக மின்சாரத்தைக் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், செட் தப்பிக்கும். ஒரு கணம் எரிந்து மங்கினால் அநேகமாகப் பயமில்லை. நீங்களே மூடியைத் திறப்பதென்றால், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும் என்பது நினைவிருக்கட்டும். என் ஆம்ப்ளிஃபயர் பிழைத்தது. ஸ்பீக்கர் பிழைக்கவில்லை. கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையம் விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும், சரியான அளவு பார்த்து வாங்கி ஒட்டலாம் என்று தெரிவதற்குள் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள், மாற்றியும் ஆயிற்று. உங்களுடையதில் வளையம் ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

டெக்கில் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது, வேறு ஒன்றும் அசையவில்லை. மூடியைக் கழற்றினால், பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு. சில வகைப் பெல்ட்டுகள் வயதானால் இப்படித்தான் உருகிப் போகுமாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் கொண்டு துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சட்டையில் பட்டது இன்னும் போகவில்லை. சரி, பெல்ட் மாற்றினால் முடிந்தது என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கையில் இருந்த ஏதோ ஒரு பெல்ட்டை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டு கொஞ்சம் வேகமாக ஓடியது, குரல் லேசாகக் கீச்சிட்டது. கேட்டால், “பழைய செட்டுங்க, இப்படித்தான் ஓடும்” என்று பதில். அது பொய். பெல்ட்டின் தடிமன் மாறினாலே வேகம் மாறும். பழைய பெல்ட் கிடைக்காவிட்டால், அது ஓடும் பாதையை ஒரு நூலால் அளந்து, அதைவிட 5 சதவீதம் போலக் குறைவான சுற்றளவில், அதே அகலத்தில் அதே தடிமனில் கேட்டு வாங்க வேண்டும். பல டெக்குகளில் மோட்டாரின் பின்பக்கம் ஒரு பொடித் துளை இருக்கும். அதற்குள் வேகத்தைத் திருத்தும் திருகு. 3000 அல்லது 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் கேசட்டைப் போட்டு, போனில் அலைவெண் காட்டும் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு அந்த எண் வரும்வரை திருப்பினால் வேகம் சரி. இதைச் செய்துகாட்டிய இரண்டாவது மெக்கானிக் வாங்கிய கூலி, முதல் கடையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

ஆனால் அதற்கு முன்பே என் முதல் கேசட்டை டெக் தின்றுவிட்டது. பெல்ட் போட்ட சந்தோஷத்தில் முதலில் எதைப் போடுவேன், அதைத்தானே? இரண்டாவது பாட்டின் நடுவில் குரல் குழறியது, அப்புறம் ஒரு ‘கரக்’. மூடியைத் திறந்தால் டேப் கதவுக்குள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, ரப்பர் சக்கரத்தைச் சுற்றி இறுகியிருந்தது. அழுகை வராத குறைதான். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தடுப்பது சுலபம். டேப்பை இழுப்பது மெல்லிய உருக்குத் தண்டும் அதன்மேல் அழுந்தும் ரப்பர் சக்கரமும், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளப்பட்ட டேப்பை உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டியது வலப்பக்கச் சுருள். அதைச் சுற்றவைக்கும் சின்ன ரப்பர் வளையம் காய்ந்து வழுக்கினால் சுருள் நின்றுவிடும், தள்ளுவது மட்டும் நிற்காது. மிச்ச டேப் போக இடமில்லாமல் சக்கரத்தில் சிக்கும். ஆகவே பெல்ட்டோடு அந்த வளையத்தையும் ரப்பர் சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் தலையையும் அந்தத் தண்டையும் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும், ஆல்கஹால் வேண்டாம். பிறகு, போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் முழுசாக ஓடவிட்டு, கண்ணை வலப்பக்கச் சுருளிலும் விரலை ஸ்டாப் பொத்தானிலும் வைத்திருங்கள். அதில் தேறினால்தான் பிரியமான கேசட்டுக்கு முறை வரும். 120 நிமிஷக் கேசட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நீளத்தை அடைக்க டேப்பை மிக மெல்லியதாகச் செய்திருப்பார்கள், கசங்குவதும் இழுபடுவதும் அதில்தான் அதிகம்.

கசங்கிய டேப்பை அயர்ன் பண்ணலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், சூடு பட்டால் நிரந்தரமாகக் கோணிப் போகும். பென்சிலால் சுற்றி இறுக்கமாக உள்ளே ஏற்றி, சில நாள் அப்படியே விட்டால் மடிப்பு ஓரளவு படியும். அறுந்துபோனதை ஒட்ட இதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப் வேண்டும். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். ஒட்ட வேண்டியது தலையைத் தொடாத உள்பக்கத்தில். என் கேசட்டில் ஒரு சரணத்தின் நடுவே சத்தம் முங்கி எழுகிறது, அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது, நஷ்டம் ஒன்றுமில்லை என்று வீட்டில் தேற்றினார்கள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை என்றாலும், அவர்கள் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருந்தது.

பெட்டியில் இருப்பதை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கம்பெனி வெளியிட்ட கேசட் ஒரு பக்கம். வீட்டில் பதிந்தது இன்னொரு பக்கம். முதல் வகை இன்னொரு பிரதியாக எங்காவது இருக்கும். இரண்டாவது வகை உலகத்திலேயே அந்த ஒன்றுதான்: பாட்டி பாடியது, குழந்தை மழலை பேசியது, ரேடியோவிலிருந்து பிடித்த கச்சேரி, வெளியூரிலிருந்து அண்ணன் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பிய கேசட். பட்டியல் எழுதும்போது கம்பெனி கேசட்டுகளின் கடைசியையும் சோதியுங்கள். பக்கம் முடிந்து மிச்சமிருக்கும் வெற்று டேப்பில் யாராவது எதையாவது பதிந்திருப்பார்கள். என் பெட்டியில் அப்படி இரண்டு மூன்று கிடைத்தன. உங்கள் பணம், நேரம், பொறுமை எல்லாம் முதலில் இரண்டாம் வகைக்கு. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பொத்தான் அழுந்தினாலும் அழியாது. டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அதைத் தனிப் பையில் போட்டுக் கட்டி ஒதுக்குங்கள். ஓட்டினால் டெக்கிலும் ஒட்டி மற்றக் கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் கெடுதல்.

இடையில், டெக் ரிப்பேரிலேயே கிடக்கிறதே என்று யூஎஸ்பி வயர் வைத்த மலிவான கேசட் ப்ளேயர் ஒன்று வாங்கினேன். அந்தப் பணம் தண்டம். நீட்டிப் பாடும் ஸ்வரமெல்லாம் நடுங்கியது. நல்ல டெக்கில் வேக ஏற்ற இறக்கம் 0.1 சதவீதத்துக்குள் இருக்கும். இந்த மாதிரிச் சாதனங்களில் அது காதுக்கே தெரியும். டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் இல்லை. பழுது பார்த்த ஒரு பழைய டெக், பெட்டி பிரிக்காத பத்து புதிய மலிவு ப்ளேயருக்குச் சமம் என்பது என் தீர்ப்பு.

எல்லாம் சரியான பிறகும் சில கேசட்டுகள் போர்வைக்குள் இருந்து பாடுவது போலவே கேட்டன. ஒன்றில் காரணம் எளிது: கேசட்டின் வாய்ப்பக்கம் ஒரு செம்புப் பட்டையில் ஒட்டியிருக்கும் குட்டிக் கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. டேப்பைத் தலையோடு அழுத்துவது அதுதான். திருகு போட்ட வேறொரு கேசட் கூட்டைத் திறந்து, டேப்பை இரண்டு சுருளோடும் அப்படியே தூக்கி மாற்றினால் போதும். மற்றவற்றில் சிக்கல் தலையின் கோணம். ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட்டை வெளியிட்டபோது அது பேச்சைப் பதிவு செய்வதற்கான சாதனம். டேப்பின் அகலமே 3.81 மில்லிமீட்டர், ஸ்டீரியோவில் இரண்டு பக்கத்துக்குமாக நாலு தடம், ஒரு தடத்துக்கு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். தலை துளி சாய்ந்தாலும் முதலில் காணாமல் போவது உச்ச ஸ்தாயிதான். தலைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு திருகு இருக்கும். அது இப்போது நிற்கும் இடத்தை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, மோனோவில் கேட்டபடி, காந்தம் ஏறாத ஸ்க்ரூட்ரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக மெல்ல இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஒரு இடத்தில் சட்டென்று திரை விலகும். எனக்குப் புல்லாங்குழலின் ஸ்வரத்துக்கு முன்னால் உதட்டிலிருந்து வரும் காற்றுச் சத்தம் கேட்டது. அந்தப் பாட்டை எத்தனையோ வருஷமாகத் தெரியும், அந்தக் காற்றை அன்றைக்குத்தான் கேட்டேன். பட்ட பாடெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது, நிஜமாகவே. டால்பி பொத்தானை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். கோணம் தப்பாக இருக்கும்போது அதைப் போட்டால் மங்கலை இன்னும் மங்கலாக்கும். அட்டையில் டால்பி குறி இருந்தால் போடுங்கள், வீட்டுப் பதிவு என்றால் இரண்டு விதமாகவும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு விசித்திரமும் நடந்தது. வேகம் திருத்திய டெக்கில் என் முதல் கேசட் தூங்கி வழிவது போல இருந்தது. ரொம்ப நாள் குழம்பிய பிறகு புரிந்தது: எங்கள் பழைய மோனோ ரெக்கார்டர் வேகமாக ஓடுகிற ரகம். என் நினைவில் இருக்கும் ஸ்ருதியே அந்த ரெக்கார்டர் கொடுத்தது, பாடகர் பாடியது அதைவிடக் கீழே. அதே ரெக்கார்டரில் பதிந்த வீட்டுக் குரல்கள் எல்லாம் சரியான டெக்கில் கனத்துப்போய்க் கேட்டன. இதைத் திருத்த ஒரு நல்ல வழி உண்டு. மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டரில் பதிந்த டேப்பில் பெரும்பாலும் அடியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் பதிந்தது என்றால் அந்த இரைச்சல் 50-இலும் அதன் மடங்குகளிலும் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றி அலைவெண்ணைப் பார்க்கும்போது 48-இல் நிற்கிறதா? பதிந்த ரெக்கார்டர் 4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. அத்தனை சதவீதம் வேகத்தைக் கூட்டினால் குரல் அந்தந்த ஆளுடைய குரலாகத் திரும்பி வரும். யாரையும் கேட்காமல் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் இது, கொஞ்சம் பெருமை உண்டு.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவதில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்று: மதிப்புள்ள கேசட்டை முதல் தடவை ஓட்டும்போதே பதிவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘முதலில் கேட்டுப் பார்ப்போம், நாளைக்குப் பதியலாம்’ என்றால் அந்த நாளை வராமலே போகலாம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு. மைக் துளைக்கு அல்ல. உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம், மணிக்கு 1 ஜிபி போல இடம் பிடிக்கும். இரைச்சல் நீக்குவது, வேகம் திருத்துவது எல்லாம் நகலில் செய்யுங்கள், முதல் பதிவு தொடப்படாமல் இரண்டு வேறு வேறு டிஸ்கில் இருக்கட்டும். சி.டி.யில் எழுதி வைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் எழுதும் சி.டி.யின் சாயம் வெளுக்கும். நானே முன்பு எழுதி வைத்ததில் பாதி இப்போது திறக்க மறுக்கிறது, கடையில் வாங்கியவை நன்றாகவே பாடுகின்றன.

டர்ன்டேபிள் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அப்பாவுடையது தேறாது என்று ஆனதும் பழையது ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று போட்டிருந்தது. விளக்கு எரிகிறது என்பதைத்தான் விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதோடு, சுழலும் கனத்த தட்டைக் கழற்றாமலே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். வழியில் அது எகிறி முள்கையை முறித்தது. பணம் திரும்பவில்லை. தட்டு, முள்கையின் பின்னால் இருக்கும் எடை, முள் தாங்கும் முனை மூன்றையும் தனித்தனியாகக் கழற்றிச் சுற்றி அனுப்பச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு முழுப் பாட்டு ஓடும் வீடியோவும் கேளுங்கள். வேறு நாட்டிலிருந்து வரும் செட் என்றால் வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. சில பழைய மோட்டார்களின் வேகம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதைப் பொறுத்தது, அதற்கு மோட்டாரில் பெல்ட்டைச் சுற்றவைக்கும் தனிச் சக்கரம் (புல்லி) வேண்டும்.

இணைத்ததும் சத்தம் கொசு ரீங்காரம் அளவுக்கு வந்தால் பயப்படாதீர்கள். காந்த வகை முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதுவும் இசைத்தட்டில் கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள். இரண்டையும் சரிசெய்ய ஃபோனோ என்று எழுதிய துளையோ தனி ஃபோனோ ப்ரீஆம்ப்போ வேண்டும். கூடவே வரும் மெல்லிய தனி வயரை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் மாட்டினால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றும் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை: பிற்கால நீண்ட நேர இசைத்தட்டான எல்.பி.யின் முள்ளை அதில் வைக்காதீர்கள், அந்தத் தட்டின் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம். ஆல்கஹாலால் துடைக்கவும் துடைக்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

இப்போது வீட்டுப் பதிவுகள் எல்லாம் ஏறிவிட்டன, கம்பெனி கேசட்டுகள் பாதிக்கு மேல் அப்படியேதான் இருக்கின்றன. அவசரமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை டெக்கைச் சும்மாவாவது ஓடவிடுகிறேன், பெல்ட் ஒரே வளைவில் நின்று இறுகிப் போகாமல் இருக்க. ப்ளே அழுத்தியபடியே மெயின் சுவிட்சை அணைப்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தடை செய்திருக்கிறேன்: தண்டு அழுந்திய இடத்தில் ரப்பர் சக்கரத்தில் பள்ளம் விழும், அப்புறம் மறுபடி மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதுதான்.